செயலாளர் அறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

ஒரே பாலினத்தவரை விரும்புகிறவர்களுக்கும் திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநர்களுக்குமான நம் சங்கத்தின் தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளோடு முதல்முறையாக வந்திருக்கிற அம்மா அப்பாக்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், எனவே பணத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

நம் சங்க ஆண்டு தொடங்கிய அதே 2024 ஜூலை 1 அன்றுதான் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவு அதில் கிடையாது. அன்றைக்கு நம் வாட்ஸப் குழுவில் லட்டுப் படமாக வந்து குவிந்தது. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது ஒழிந்ததே என்ற சந்தோஷம் எனக்கும் புரிகிறது. ஆனால் சம்மதத்தோடு இருக்கும் இரண்டு பேரை அந்தப் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதியே விடுவித்துவிட்டார்கள். 2024-இல் போனது மிச்சமிருந்த பாதி, அதாவது சம்மதம் இல்லாமல் செய்தால் தண்டிக்கிற பாதி. இன்றைக்கு ஒரு ஆணையோ திருநங்கையையோ ஒருவன் பலாத்காரம் செய்தால், வல்லுறவு என்று வழக்குப் போடப் புதிய சட்டத்தில் இடமில்லை. திருநர் சட்டம் 2019 இருக்கிறதே என்பார்கள், அதில் அதிகபட்சத் தண்டனை இரண்டு வருஷம். பெண்ணுக்கு நடந்தால் குறைந்தது பத்து வருஷம். இதைச் சரிசெய்யக் கேட்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களிடம், அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லட்டு சாப்பிட்டவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஆண்டு நம் வேலையில் பெரும்பகுதி போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் கழிந்தது. கதை எப்போதும் ஒன்றுதான்: மேஜரான இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வருகிறார்கள், வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார்கள், ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது, “பிள்ளையை அனுப்பி வைங்க, பேசித் தீர்த்துக்கலாம்” என்கிறார்கள். இந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பது 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய இரண்டு பெண்களின் வழக்கு அது. தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதினார் (இப்படிச் சொல்லும் ஆட்களை நம் சொந்தக்காரர்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்). விசாரணையில் இருவரும் வயது வந்தவர்கள், விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை கொடுப்பதற்கும் அதே உத்தரவில் தடை. அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழக அரசு போலீஸாரின் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்தது. நம் சமூகத்தவரை மட்டுமல்ல, அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. அதாவது ஸ்டேஷனுக்குக் கூடப் போகிற நம் தொண்டர்களையும் சேர்த்துத்தான். இரண்டின் ஜெராக்ஸும் சங்கப் பையில் எப்போதும் இருக்கும். வாயால் வாதாடாமல் அதை எடுத்து மேஜைமேல் வையுங்கள், குரல் தானாக இறங்கும்.

2025 ஜனவரியில் ஒரே பாலினத்தவர் திருமண வழக்கின் சீராய்வு மனுக்களும் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆயின. 2023 அக்டோபர் 17-ஆம் தேதித் தீர்ப்பிலேயே திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து பேரும் சொல்லிவிட்டார்கள், குடும்பமாகப் பதிவு செய்துகொள்வதற்காவது வழி விடலாமா என்பதில் இருவர் ஆம் என்றும் மூவர் இல்லை என்றும் பிரிந்தார்கள். அன்று அழுதவர்களை நானும் பார்த்தேன். இருந்தாலும் என் கருத்தைச் சொல்கிறேன், செயற்குழுவில் பாதிப் பேருக்கு இதில் உடன்பாடு இல்லை: நம் ஊர்க்காரர்களுக்கு டெல்லியின் பெரிய வழக்குகளைவிடச் சென்னையிலும் மதுரையிலும் நடந்த சின்ன வழக்குகள்தான் அதிகம் உழைத்திருக்கின்றன. தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் வந்த வழக்கில்தான், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடங்குவார் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை சொன்னது. அதே தீர்ப்புதான் இடைபாலினக் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்று வகுக்க முடியாத உடலமைப்போடு பிறப்பவர்களுக்கு) அறுவை செய்து ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்குவதைத் தடுக்கச் சொன்னது, அந்த ஆகஸ்டிலேயே அரசாணையும் வந்துவிட்டது.

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பும் அந்த வகைதான். தோழியை அவள் வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் போட்ட ஆட்கொணர்வு மனு. இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்றதோடு நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் நிறுத்தவில்லை. குடும்பம் உண்டாகத் திருமணம் மட்டுமே வழி அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் சட்டத்துக்குத் தெரிந்த ஒன்றுதான் என்று எழுதினார்கள். எல்லாப் பெற்றோரும் நீதிபதி லீலா சேத் மாதிரி (எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா, மகனை அப்படியே ஏற்றுக்கொண்டவர்) இருந்துவிட முடியாது என்றும் அதில் ஒரு வரி வருகிறது. வந்திருக்கிற பெற்றோர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் வந்திருக்கிறீர்களே, அதுவே பெரிசு. இந்தத் தீர்ப்பின் நகலும் இப்போது சங்கப் பையில் உண்டு.

அப்புறம் ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு. சேர்ந்து வாழ்கிறவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம் என்று 2024-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்றும் தெளிவுபடுத்தியது. வங்கியில் ஓரளவு நடக்கிறது. ரேஷனில் நாம் போன ஒரு அலுவலகத்தில் “அப்படி ஒரு சர்க்குலரே எங்களுக்கு வரலையே” என்றார்கள், அடுத்த முறை அச்செடுத்துக் கொண்டுபோனோம், மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக வாங்கி வைத்தார்கள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விடப் போவதில்லை.

டிசம்பர் கூட்டத்தை வரலாற்றுக்கென்று ஒதுக்கினோம். 2008-இல் இந்தியாவிலேயே முதலாக இங்கே திருநங்கையர் நல வாரியம் வந்தது, 2014 ஏப்ரல் 15-இல் திருநரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்ற நால்சா தீர்ப்பு வந்தது என்று எல்லாம் பேசினோம். இளைய உறுப்பினர்களைத் தூக்கிப் போட்டது 2013 டிசம்பர் 11 என்ற தேதிதான். 377-ஆம் பிரிவிலிருந்து 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் அன்று திரும்ப எடுத்துக்கொண்டது. 2009-ஐ நம்பி வீட்டில் சொல்லிவிட்டவர்கள், வேலையிடத்தில் சொல்லிவிட்டவர்கள் எல்லாம் மறுபடி சட்டப்படி குற்றவாளிகள் ஆனார்கள், கிட்டத்தட்ட ஐந்து வருஷம். அதை நேரில் கடந்த மூத்த அக்கா ஒருவர் பேசியபோது கூட்டத்தில் யாரும் போனைத் தொடவில்லை.

ஜூலை 31 அன்று மாநில அரசு திருநர் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அது அடுத்த ஆண்டுக் கணக்கு, அதைப் படித்துக் குறிப்பெடுக்க ஒரு சின்னக் குழு வேண்டும், பெயர் கொடுப்பவர்கள் தேநீர் இடைவேளையில் துணைச் செயலாளரிடம் கொடுக்கலாம். செயலாளர் பதவிக்கும் இன்று தேர்தல் இருக்கிறது, நான் மறுபடி நிற்கவில்லை. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.