அந்த ஓர் இரவு மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

மே 21 வந்தால் ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். 1991இல் அங்கே கொல்லப்பட்ட ராஜீவ் காந்தி, அன்று யாருக்கு வாக்குக் கேட்க வந்தார் என்று கேட்டால் மட்டும் பலரும் விழிக்கிறார்கள். வேட்பாளர் மரகதம் சந்திரசேகர். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல்.

பெண்கள் மிகக் குறைவாக இருந்த முதல் மக்களவைக்கே 1952இல் திருவள்ளூரிலிருந்து போனவர் அவர். 1962இல் மாயவரம், பிறகு பல ஆண்டுகள் மாநிலங்களவை, 1984 முதல் தொடர்ந்து மூன்று முறை ஸ்ரீபெரும்புதூர். நேரு ஆட்சியில் சுகாதாரத் துறையிலும் உள்துறையிலும் துணை அமைச்சர். அது வெறும் அலங்காரப் பதவி என்று நினைப்பவர்கள் உண்டு. மூத்த அமைச்சர் அவையில் இல்லாத நாளில் எழுந்து நின்று, துறையின் குறைகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் துணை அமைச்சர்தான். (பாராட்டு மட்டும் மேலே போய்விடும்!)

அவர் பேசியவை நாடாளுமன்ற விவாதத் தொகுதிகளில் அச்சில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது தமிழாக்கி, அடுத்த மே மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்