எஃப்எம் இரைவது நிலையத்தின் குற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செங்கல்பட்டு தாண்டியதும் கார் ரேடியோவில் எஃப்எம் கரகரக்கிறது, நிலையங்கள் பவரைக் கூட்டினால் என்ன என்று ஒரு வாசகர் உங்கள் கடிதப் பகுதியில் பொரிந்து தள்ளியிருந்தார். கோபம் நியாயம்தான், ஆனால் ஆள் மாறிவிட்டது.

இந்தியாவிலேயே எஃப்எம் முதலில் ஒலித்தது நம் சென்னையில்தான், 1977-ல். அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்ட காருக்கு, டவரில் பவரை ஏற்றினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஊருக்குள்ளேயே கவனியுங்கள், கிண்டி பக்கம் சிக்னலில் நிற்கும்போது பாட்டு இரையும், வண்டி நாலடி நகர்ந்தால் பளிச்சென்று கேட்கும். நேராக வருகிற அலையும் கட்டடத்தில், பாலத்தில் பட்டுத் திரும்புகிற அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சற்றுத் தள்ளிச் சேர்ந்துகொள்ளும். அலை நீளமே சுமார் 3 மீட்டர்தான் என்பதால் அந்த நாலடி போதும்.

ஏஎம் என்று ரேடியோவில் போட்டிருக்கும் மீடியம் வேவ் கதை வேறு. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் அலை நீளம் 400 மீட்டருக்கு மேல், தரையை ஒட்டி வளைந்தே போகும், ராத்திரியில் வானத்தில் வெகு உயரத்தில் இருக்கிற அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தூரம் எட்டும். சுரங்கப்பாதையில் நுழைந்தால் செத்துவிடும், மின்னல் வெட்டினால் படபடக்கும், பாட்டுக்கு லாயக்கில்லை, எல்லாம் சரி. ஆனால் எஃப்எம் கைவிட்ட இடத்திலும் செய்தி கேட்கலாம். (இரைச்சல் அதிகமாக இருந்தால் முதலில் டேஷ்கேம் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் பல இந்த வேலையைச் செய்கின்றன.)

வாசகர் கோபப்பட வேண்டியது கார் கம்பெனிகள் மேல். புதுக் கார்கள் பலவற்றில் ஏஎம்மே கிடையாது. மின்சாரக் காரிலாவது, மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகிறது, அடக்குவதற்குச் செலவாகும் என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். பெட்ரோல் காரில் என்ன சாக்கு? 2016-ல் வர்தா புயல் அடித்தபோது கரண்டும் இல்லை, மொபைலும் சரியாக வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கார் பேட்டரியில் ஓடுகிற ஒரு ரேடியோ எவ்வளவு உதவும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் கார் விமர்சனங்களில் திரை எத்தனை அங்குலம், கதவில் எத்தனை ஸ்பீக்கர் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். மீடியம் வேவ் உண்டா இல்லையா என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை