புது சைக்கிள் வாங்கும் முன்

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய மூன்று மலை சைக்கிள் படங்களையும் பார்த்தேன், மூன்றும் முன்னாலும் பின்னாலும் அமுங்கும் ஃபுல் சஸ்பென்ஷன். மூன்றுமே அழகுதான், அந்த ஊதா நிறத்துக்கு நானே மயங்கிவிட்டேன். ஆனால் "பெண்களுக்கு இதுதான் சரி, முதல் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு இது போதும்னு கடைக்காரர் சொல்றார்" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. 13 வயதில் என் பின்னாலேயே வடக்கு வான்கூவரின் ஃப்ரோம் மலையில் சைக்கிளில் இறங்க ஆரம்பித்தவள் நீ. இத்தனை வருடம் ஹார்ட்டெயிலில், பின்பக்கம் இம்மியும் அமுங்காத சட்டத்தில், அந்த ஈர வேர்களையும் மரப் பாலங்களையும் கடந்து வந்தவளுக்கு "இது போதும்" என்றால் என்ன கணக்கு? முதல் ஃபுல் சஸ்பென்ஷன் என்றதும் முதல் சைக்கிள் என்று நினைத்துவிட்டார் போல.

என் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 2014இல் வாங்கின அந்தக் கறுப்பு சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? கடையில் ஷாக்குக்கு, அதாவது பின்சக்கர அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் காற்றுக் குழாய்க்கு, கண் மதிப்பில் காற்று அடித்துக் கொடுத்தார்கள். என் எடையைக் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. பொம்பளையிடம் எடை கேட்க அவர்களுக்குச் சங்கடம், சொல்ல எனக்குச் சங்கடம். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். வேர்கள் வரிசையாக வரும் இடத்தில் முதல் வேரை வாங்கிக்கொள்ளும், இரண்டாவதுக்கு முரண்டு பிடிக்கும், மூன்றாவதில் பின்சக்கரம் என்னைத் தூக்கி எறியப் பார்க்கும். வயதாகிவிட்டது, தைரியம் போய்விட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். வண்டியை விற்றுவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லியும் விட்டேன். பொள்ளாச்சியில் தாத்தாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள் இல்லையா, சைக்கிளுக்குத் தகுந்தபடி உடம்பை வளைத்துக்கொள்வதுதான் ஓட்டத் தெரிவது என்று புத்தியில் ஊறிப்போயிருந்தது.

அப்புறம் ஷாக்கைச் சர்வீசுக்குக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் மெக்கானிக் இருந்தாள். கேட்ட முதல் கேள்வியே எடை என்ன என்பதுதான். 52 கிலோ என்றேன். ஷாக்கைக் கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் சொன்னது இதுதான்: நம் எடைக்குத் தகுந்தபடி காற்றைக் குறைத்துவிடலாம், அது சுலபம். ஆனால் காற்று குறைந்தால் ஷாக்கைத் திரும்ப எழுப்பும் விசையும் குறைகிறது. உள்ளே எண்ணெய் ஓடும் வழியோ நம்மைவிட 20, 25 கிலோ கனமான ஆளுக்கு ஏற்றபடி இறுக்கமாகவே இருக்கிறது. எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகை முழுசாகத் திறந்தாலும் மெதுவாகத்தான் எழும். அது எழுவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும், பாதி அமுங்கின நிலையிலேயே அதை வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை மாற்றி அடுக்கிக் கொடுத்தாள். அடுத்த வாரமே அதே தடத்தில் இறங்கினேன். பாதி வழியில் நிறுத்திவிட்டு ஒரு கட்டையில் உட்கார்ந்து அழுதேன் என்றால் நம்புவாயா? இரண்டு வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே என்றுதான்.

அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஷாக்கின் டியூன் (உள்ளே தகடுகளை அடுக்கியிருக்கும் விதம்) என்ன, என் எடைக்கு ரீபவுண்ட் திருகு எங்கே வந்து நிற்கும் என்பது. முழுசாகத் திறந்த நிலையில்தான் சரியாக வருகிறது என்றால் உனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

பெண்கள் மாடலா, பொது மாடலா என்று கேட்டிருந்தாய். எனக்கு இரண்டிலும் பகை இல்லை. லிவ் கம்பெனி பெண்களுக்கென்றே தனியாகச் சட்டம் வடிவமைக்கிறது. ஜூலியானா என்ற பெயரில் வந்தவை சான்டா குரூஸ் கம்பெனியின் சட்டங்களேதான், ஆனால் எடை குறைந்தவர்களுக்கு ஏற்ற ஷாக் டியூனோடு. நாம் பேசும் விஷயமே அதுதான் என்பதால் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு. ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி, தனிச் சட்டம் செய்வதையே விட்டுவிட்டது. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பல வருடங்களாகப் பெண்கள் மாடல் என்றால் நல்ல சட்டத்தில் சுமாரான ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கி அமுங்கும் கவை) சுமாரான பிரேக்கும் போட்டு நிறுத்திக்கொள்வார்கள், மேல்ரகமே வராது. நீ அனுப்பிய ஊதா வண்டியின் பிரேக்கைப் பெரிதாக்கிப் பார். ஸ்குவாமிஷ் பாறைகளில் இறங்க அது போதாது.

சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்க வேண்டும் என்றால், ஸ்குவாமிஷில் ஹாஃப் நெல்சன் மாதிரி வழவழப்பான தடத்துக்கு 120 மி.மீ. தாராளம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், மூன்றாவது வாரமே செங்குத்துப் பாறைப் பக்கம் போய்விடுவாய். பின்னால் 140 முதல் 150, முன்னால் 150 அல்லது 160 பார். 170க்கு மேல் வேண்டாம், ஏறும்போது இழுக்கும், நீ சைக்கிளை மலை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போகிறவள் இல்லை. சக்கரம் முன்னால் 29 அங்குலம், பின்னால் 27.5 என்று கலந்து வந்தால் நல்லது. நம் உயரத்துக்கு, செங்குத்தில் பின்னால் சாயும்போது 29 டயர் உட்காரும் இடத்தில் உரசுவது எவ்வளவு அசிங்கம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கிராங்க் (பெடல் மாட்டும் கை) 165 மி.மீ., அல்லது அதைவிடக் குட்டை; பெடல் வேரில் இடிப்பதும் குறையும். ஹேண்டில்பார் 800 மி.மீ. வரும், 750க்கு வெட்டிவிடலாம், வெட்டத் தயங்காதே. சீட் குழாய் குட்டையாக இருந்தால்தான் நீளமான டிராப்பர் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டு) உள்ளே இறங்கும். பிரேக் லீவரை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிகிறதா என்று கையுறை போட்டுப் பார்.

சட்டம் கார்பனா என்று அப்பா கேட்கச் சொன்னார். 15 கிலோ வண்டி 90 கிலோ ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு, உனக்கு நாலில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் எடை உனக்கு முக்கியம்தான். ஆனாலும் அலுமினியத்தைவிடச் சட்டத்தில் குறைவது ஏறக்குறைய அரைக் கிலோ. அந்தக் காசுக்கு நல்ல ஃபோர்க் வாங்கு என்பது என் கட்சி. அப்பா கட்சி வேறு, அவரிடமே பேசிக்கொள்.

பணம் கட்டும் முன் டெமோ வண்டியை வாங்கி உனக்குத் தெரிந்த தடத்திலேயே ஓட்டு. கடைக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வராதே. ஷாக்கின் தண்டில் இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கு. ஸ்ட்ரோக் (ஷாக் முழுசாக அமுங்கும் தூரம்) 55 மி.மீ. என்றால் வளையம் 16 மி.மீ. அளவுக்கு நகர்ந்திருக்க வேண்டும், அதாவது 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைய. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சனிக்கிழமை ஷாக் பம்பை எடுத்துக்கொண்டு வருகிறேன், கூடவே புளிக்குழம்பும். அதற்குள் ஹெல்மெட், முழங்கால் பட்டை, தண்ணீர் நிரம்பிய பை எல்லாம் மாட்டிக்கொண்டு தராசில் ஏறி, வருகிற எண்ணை எனக்கு அனுப்பு. குறைத்துச் சொல்லாதே.

அம்மா