நைட்மேர்ல குதிரை கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல நைட்மேர்ங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு விளக்கம் போட்டிருந்தீங்க, நைட்னா ராத்திரி, மேர்னா பொட்டைக் குதிரை, ராத்திரியில குதிரை பாய்ஞ்சு வர்ற மாதிரி மிரட்டுற கனவுன்னு. பக்கத்துலயே பிடரி பறக்க ஒரு கறுப்புக் குதிரை படம் வேற. படம் நல்லாத்தான் இருந்துச்சு, விளக்கம்தான் தப்பு.

அந்த மேர் குதிரையே இல்ல சார். தூங்குறவங்க நெஞ்சு மேல ஏறி உக்காந்து மூச்சை அடைக்கிற பேய்க்குப் பழைய இங்கிலீஷ்ல இருந்த பேரு அது, நாம அமுக்குவான்னு சொல்றோமே கிட்டத்தட்ட அதேதான். குதிரைக்கு வேற வார்த்தை இருந்துச்சு, போகப் போக ரெண்டும் தேஞ்சு ஒரே எழுத்து ஒரே உச்சரிப்புன்னு ஆகிப்போச்சு. பிரெஞ்சுக்காரங்க நைட்மேருக்குச் சொல்ற கோஷ்மார்லயும் கடைசியில நிக்கிறது இதே பேய்தான், முன்னாடி இருக்கிறது அழுத்துறதுங்கற வினை. டச்சுக்காரங்க கதைதான் தமாஷ், அவங்க மொழியிலயும் இதே குழப்பம் வந்து வார்த்தையையே குதிரைன்னு மாத்திக்கிட்டாங்க, அதனால உங்களுக்குத் துணைக்கு ஆளிருக்கு.

இன்னொண்ணு, ஆரம்பத்துல இதுக்குக் கனவுன்னே அர்த்தம் கிடையாது. 1755ல வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியில கூட ராத்திரியில நெஞ்சு மேல பாரம் வச்ச மாதிரி அழுத்துற கோளாறுன்னுதான் போட்டிருக்கு. கெட்ட கனவுங்கறது 19ஆம் நூற்றாண்டுல வந்து ஒட்டிக்கிட்டது.

எனக்கு இது ரெண்டு மூணு தடவை வந்திருக்கு. கண்ணு முழிச்சிருக்கும், சுவர் தெரியும், ஆனா ஒரு விரலைக் கூட அசைக்க முடியாது, கத்தணும்னு வாயைத் திறந்தா சத்தம் வராது, நெஞ்சுல யாரோ முட்டியைப் போட்டு அழுத்துற மாதிரியே இருக்கும். இப்போ ஸ்லீப் பராலிசிஸ்னு சொல்றாங்க, கனவு வர்ற நேரத்துல உடம்பு தசையெல்லாம் கட்டிப்போட்ட மாதிரி கிடக்குமாம், அது அவிழுறதுக்குள்ள மூளை முழிச்சுக்கிட்டா இப்படி ஆகுதாம். அந்த நேரத்துல பேய்னு பேரு வச்சவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

திருத்தம் போட்டா படத்தையும் மாத்துங்க. ஹென்றி ஃப்யூஸ்லி 1781ல வரைஞ்ச நைட்மேர் ஓவியத்தைப் போடலாம். அதுலயும் திரைக்கு நடுவுல ஒரு குதிரை தலையை நீட்டும்தான், ஆனா பொண்ணு நெஞ்சு மேல குந்தி உக்காந்திருக்கிறது குதிரை இல்ல.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்