உரிமத்தொகை போனுக்கா, மோடத்துக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தன் மொபைல் தொழில்நுட்பக் காப்புரிமைகளை உரிமத்தொகை தராமல் பயன்படுத்தியதாக இந்திய போன் நிறுவனமான லாவா மீது ஸ்வீடனின் எரிக்சன் தொடுத்த வழக்கு குறித்த தங்கள் கட்டுரை கண்டேன். லாவா 244 கோடி ரூபாய் தர வேண்டும் என 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகையைவிட அதைக் கணக்கிட்ட முறைதான் உறுத்துகிறது: போனை மொபைல் வலையமைப்போடு இணைக்கும் மோடம் சிப்பின் விலையில் அல்ல, முழு போனின் நிகர விற்பனை விலையில் சதவீதம். பட்ஜெட் போனுக்கு அடக்கவிலை போடுபவர்களுக்கு இதன் விளைவு தெரியும். சிப் மாறாது, 4ஜி மாறாது. கேமராவையும் திரையையும் உயர்த்தினாலே உரிமத்தொகையும் ஏறிவிடும். கேமராவுக்கும் அலைவரிசைக்கும் என்ன சம்பந்தம்?

நோக்கியா தன் 5ஜி காப்புரிமைகளுக்கு போன் ஒன்றுக்கு 3 யூரோ உச்சவரம்பு என 2018-லேயே அறிவித்தது. அதுபோல விலை குறைந்த போன்களுக்கு ரூபாயில் உச்சவரம்பு வைக்க தொலைத்தொடர்புத் துறை காப்புரிமை உடையோர், போன் தயாரிப்பாளர்கள் என இரு தரப்பையும் அழைத்துப் பேசலாம். அதுவரை நம் தயாரிப்பாளர்கள் உரிமத்தொகை கேட்டு வரும் கடிதங்களைக் கிடப்பில் போடாமல், எழுத்தில் எதிர்விலை சொல்லட்டும்.

– கைபேசி வடிவமைப்புப் பொறியாளர், பெங்களூரு