பெடல் மேலேயே பிடிக்கிறது என்றாயே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி இழுக்கவில்லை, அரை மணி நேரம் ஓட்டினால் சக்கரத்துப் பக்கம் கருகிய வாடை வருகிறது, சமதரையில் நியூட்ரலில் விட்டாலும் உருளாமல் நின்றுவிடுகிறது என்றாய். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய்: "பெடல் மட்டும் சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம் ரொம்ப நல்லா இருக்குப்பா, காலை லேசா வச்சதுமே மேலேயே பிடிக்குது." என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

இதைக் கண்டுபிடிக்கிற வரை, கீழே சொல்கிற சோதனைக்குத் தவிர வண்டியை வெளியே எடுக்காதே. உள்ளே உரசிக்கொண்டே போகிற ஷூ, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மைச் சுட வைக்கும், டிரம் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரைச் சுட வைக்கும், கடைசியில் உள்ளே இருக்கிற பிரேக் ஆயில் கொதித்துவிடும். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரை தாங்கும். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துப் பழசான பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும். இன்றைக்கு மேலேயே பிடிக்கிற பெடல், இறக்கத்தில் ஒரு நாள் தரை வரை போய்விடும்.

அடுத்தது, சாமான் எதுவும் வாங்காதே. இதே லேண்ட் ரோவர் சீரீஸ் 3 என் கையில் இருந்தபோது எனக்கும் இப்படி வந்தது. நான்கு வீல் சிலிண்டரையும் மாற்றினேன், ஷூ மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன். மறுநாளும் டிரம் தொட முடியாத சூடு. அதற்கு ஒரு வாரம் முன்னால் பெடல் தாழ்ந்துவிட்டதே என்று, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிற கம்பியான புஷ்ராடை நீட்டி வைத்தவன் நான்தான். அதை மறந்துவிட்டுச் சக்கரம் சக்கரமாகப் படுத்துக் கிடந்தேன்.

விஷயம் இதுதான். நீ காலை எடுத்ததும், ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிற பிஸ்டன் முழுசாகப் பின்னால் வர வேண்டும். வந்தால்தான் ஆயில் மேலே இருக்கிற தொட்டிக்குத் திரும்புகிற வழி திறக்கும். புஷ்ராட் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் முழுசாக வராது, வழி அடைபட்டே இருக்கும். வண்டி ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், விரிந்தது போக இடமில்லாமல் ஷூவைத் தள்ளும், ஷூ இன்னும் சூடாக்கும். பெடல் கல் மாதிரி ஆகும். ஒரு மணி நேரம் ஆற விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி சக்கரம் சுற்றும். அதனால் ஆறின வண்டியில் பார்த்தால் எதுவும் தெரியாது. பிடித்துக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

கார் வராத இடமாகப் பார்த்து மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டு, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல். நிறுத்திவிட்டு ஒவ்வொரு டிரம் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோ, தொடாதே. இந்த வண்டியில் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் மூன்றுதான்: முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று, பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒன்று. நான்கும் சூடு என்றால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போ. பின்னால் இரண்டு மட்டும் என்றால் பின் ஹோஸ். முன்னால் ஒன்று மட்டும் என்றால் அந்தச் சக்கரம், இல்லையென்றால் அதன் ஹோஸ். நான்குமே ஆறியிருந்தால் வண்டிக்கு அடியில் பார். ஹேண்ட் பிரேக் டிரம், இன்ஜின் பலத்தை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அது பிடித்தாலும் ஓட்டும்போது இதே மாதிரிதான் தெரியும்.

ஜாக்கி போடுவதற்கு முன் இதை இரண்டு தடவை படி. ஹேண்ட் பிரேக் நேராகச் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் சக்கரங்களைச் சுற்றுகிற பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் முழுசாக இழுத்திருந்தாலும் வண்டி நகரும். தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்ட் வை.

நான்கும் சூடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார், இறுக்கமாக இருக்கும். மாஸ்டர் சிலிண்டரை பெடல் பாக்ஸோடு பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்து, கழற்ற வேண்டாம். ஒரு சொட்டு ஆயில்கூட சிந்தாது. இப்போது சக்கரம் பிடி விட்டு லேசாகச் சுற்றினால் சிலிண்டரில் குறையில்லை, புஷ்ராடோ பெடலோதான் தள்ளிக்கொண்டிருக்கிறது. பெடல் அச்சு துருப்பிடித்து முழுசாக மேலே வராவிட்டாலும் இப்படித்தான் ஆகும், அதையும் பார். லாக்நட்டைத் தளர்த்திப் புஷ்ராடைக் குறை. ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சுமார் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பெடலை விரல் நுனியால் அழுத்தினால் முதலில் சும்மா ஒரு அசைவு, அப்புறம்தான் கனம். அந்தச் சும்மா அசைவு உன் பெடலில் இப்போது இருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்போதும் விடவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே போகிற பைப்பின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்து. இதில் ஆயில் பீச்சும், கண்ணாடி போட்டுக்கொள், துணி சுற்றிக்கொள். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்று. சக்கரம் விட்டால் சிலிண்டருக்குள்ளேயே கோளாறு, பெரும்பாலும் உப்பிப்போன ரப்பர். யாராவது தப்பான எண்ணெயை ஊற்றியிருந்தாலும் ரப்பர் இப்படி உப்பும்.

அதற்கும் விடாமல், சக்கரத்தில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறதென்றால் ஹோஸ்தான். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்சுவர் வீங்கி அடைத்திருக்கும். கால் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், ஸ்பிரிங் பலத்தில் திரும்ப வராது. நிப்பிளைத் திறந்தும் அசையவில்லையா, அப்போதுதான் டிரம்மைக் கழற்று: சிக்கிய சிலிண்டர், தளர்ந்த ஸ்பிரிங், அளவுக்கு மேல் இறுக்கிய அட்ஜஸ்டர், உள்ளே இறுகின சேறு. ஷூவின் உரசுகிற பக்கத்தில் இருக்கிற பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியை ஊதாதே. ஈரத்துணியால் துடை.

சரி, புஷ்ராடைக் குறைத்தால் பெடல் தாழும். பயப்படாதே. லைனிங் தேய்ந்து பெடல் தாழ்ந்தால் சக்கரத்தில்தான் சரி செய்ய வேண்டும். டிரம்முக்குப் பின்னால் இருக்கிற அட்ஜஸ்டரை, சக்கரம் நிற்கிற வரை திருப்பு. அப்புறம் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிற வரை பின்னால் விடு. காதை டிரம் பக்கத்தில் வைத்துக் கேள். ஓரிடத்தில் லேசாக 'சர்' என்று உரசினால் பரவாயில்லை. சுற்று முழுக்க உரசக் கூடாது.

எந்த இணைப்பைத் திறந்தாலும், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுக்காமல் ஓட்டாதே. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆறு வயதில் நீ சீட்டு நுனியில் நின்றுகொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இரண்டு காலாலும் பெடலை மிதிப்பாய். நான் அடியிலிருந்து "அழுத்து... பிடி... விடு" என்பேன். நீ "பிடிச்சிட்டேன்ப்பா" என்று கத்துவாய். பெடலில் நிற்கிற ஆளிடம் அதே மூன்று சொல்லைச் சொல். நீ நிப்பிளை மூடுகிற வரை காலை எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு.

நாளைக்கு அந்த இரண்டு நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் விட்டதா இல்லையா என்று அங்கிருந்தே எனக்குப் போன் செய். கையில் கிரீஸாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா