இந்திரா முனையையும் பாடத்தில் சேருங்கள்: புவியியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாவது படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

போன வாரம் புவித்தட்டுகள் பாடம், அதாவது பூமியின் மேலோடு நகரும் பெரிய துண்டுகளாகப் பிரிந்திருப்பதும் அவை சந்திக்கும் எல்லைகளும். அவளிடம் இருந்த புத்தகத்தில் விலகும் எல்லைக்கு ஐஸ்லாந்து, பக்கவாட்டில் உரசும் எல்லைக்குக் கலிபோர்னியா, மோதும் எல்லைக்கு இமயமலை. கடகடவென்று ஒப்பித்தாள். "சரி, நம்ம ஊருக்குச் சுனாமி எந்த எல்லையிலிருந்து வந்தது?" என்றேன். முழித்தாள். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம்.

2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ராவுக்கு மேற்கே நிலநடுக்கமாகத் தொடங்கிய பாறை முறிவு, வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. ஓடியது. அலையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நிலம் என்ன ஆனது? அதுவும் மோதும் எல்லைதான்: அங்கே இந்தியத் தட்டு கிழக்கில் உள்ள தட்டுக்கு அடியில் நுழைகிறது. நெடுங்காலம் சிக்கிக் கிடந்த மேல்தட்டு விடுபட்டுத் துள்ளியபோது, தட்டு நுழையும் இடத்தில் உள்ள ஆழமான பள்ளமான கடல் அகழியை ஒட்டிய பகுதி எழும்பியது, அதற்குப் பின்னால் இருந்த பகுதி தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்க, கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போயிற்று. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையிலோ பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து, வெயிலில் வெளுத்துச் செத்தன.

அந்தமான் தீவுகளே இந்த எல்லை செய்தவைதான். சேற்றுக்காலை வாசற்படியில் தேய்த்தால் ஓரத்தில் சேறு திரளுமே, அப்படி அடியில் போகும் தட்டின் மேலிருந்த கடலடி வண்டல் வழிக்கப்பட்டுக் குவிந்த நிலம் அங்கே நிறைய. கிழக்கே பாரன் தீவு எரிமலை, 1991-இல் மறுபடி விழித்தது. தட்டுகள் உரசிய சூட்டில் பாறை உருகுவதாகப் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் கீழே போகும் தட்டிலிருந்து கசியும் நீர், மேலே உள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. இதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

அப்புறம், விலகும் எல்லையும் அங்கேயே இருக்கிறது: அந்தமான் கடலின் அடித்தரை பிளந்து விரிகிறது. அதற்கு வடக்கே மியான்மரின் சகாயிங் பிளவு பக்கவாட்டு வகை. 2025 மார்ச் 28 அன்று மாண்டலே அருகே 7.7 அளவில் குலுங்கியது அதுதான். மூன்று வகையும் பக்கத்திலேயே இருக்க, பிள்ளைகளை முதலில் கலிபோர்னியாவுக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

இமயமலைப் படம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு சாளக்கிராமத்தை வையுங்கள். எங்கள் பூஜை அறையில் ஒன்று இருக்கிறது, நேபாளத்துக் கண்டகி ஆற்றுக் கல். உடைந்த பக்கத்தில் தெரியும் சுருள், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு பதிந்த தடம். இந்தியா போய் ஆசியாவில் முட்டுவதற்கு முன் நடுவில் கிடந்த கடலில் வாழ்ந்தது. மகள் அந்தச் சுருளை விரலால் தடவிக்கொண்டே, "இது மலைமேல எப்படிப்பா போச்சு?" என்று கேட்டாள். குளிக்காமல் தொட்டதற்குப் பாட்டியிடம் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இப்படிக்கு,
ஒரு அப்பா
நாகப்பட்டினம்